பழைய புதிர் விளையாட்டுகளைப் புதுப்பித்து விற்பவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு திறந்த மடல்

பழைய புதிர் சாகச விளையாட்டுகளைத் தூசி தட்டி எடுத்து, வெள்ளையடித்து, மறுபடியும் கடையில் வைக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு வணக்கம்.

நான் எழுதுவது கொழிஞ்சாம்பாறையிலிருந்து. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வரைபடத்தில் கேரளம், வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் ரோடு, கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி. ஒரே கதையை மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பார்த்துவிட்டு, எது மேல் என்று பேக்கரியில் உட்கார்ந்து சண்டை போடுவது எங்கள் ஊர்ப் பொழுதுபோக்கு. ஆகவே ரீமேக் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலைந்து பேர் உட்கார்ந்து பழைய விளையாட்டுகளை ஆடுவோம். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இவையெல்லாம் எங்களுக்கு முதலில் வந்தது கோயம்புத்தூர் நடைபாதையில் விற்ற திருட்டு சிடியில்தான். கையேடு இருக்காது, அட்டைப்பெட்டி இருக்காது, சில சமயம் விளையாட்டின் பெயரே உறையில் தப்பாக இருக்கும். இப்போது காசு கொடுத்து வாங்குகிறோம், அதுவும் ஒரே விளையாட்டை மூன்றாவது வடிவத்தில். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

ஒவ்வொரு ரீமேக் வரும்போதும் இரண்டு கட்சி கிளம்புகிறது. "அப்படியே கொடு, ஒரு கல்லைக்கூட நகர்த்தாதே" என்பது ஒரு கட்சி. "காலம் மாறிவிட்டது, புதிதாக யோசித்துச் செய்" என்பது இன்னொன்று. நீங்களும் விளம்பரத்தில் இரண்டு கட்சிக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்கிறீர்கள்: பழைய ரசிகர்களுக்கு விசுவாசமானது, புதியவர்களுக்குப் புத்தம் புதியது, இரண்டும் ஒரே வரியில். பெரும்பாலும் பேச்சு படத்தைப் பற்றியே ஓடுகிறது. தண்ணீர் எப்படி மின்னுகிறது, நிழல் எப்படி விழுகிறது, நடிகரின் முகம் பழைய முகமா என்று. எனக்குப் படம் இரண்டாம் பட்சம். புதிர் விளையாட்டில் காப்பாற்ற வேண்டியது ஆடுகிறவன் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வரிசை. எதை முதலில் பார்த்தான், எதைக் கேட்டான், எந்த இடத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டான் என்பது. அது இருந்தால் சுவரின் நிறத்தை மாற்றுங்கள், குரலை மாற்றுங்கள், விடையைக்கூட மாற்றுங்கள். அது போய்விட்டால், ஒவ்வொரு புள்ளியும் பழையபடி இருந்தாலும் அது வேறு சரக்கு.

மிஸ்ட் என்ற விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறீர்கள். 1993 செப்டம்பரில் வந்தது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி இருவரும் தங்கள் சையான் நிறுவனத்தில், ஆப்பிளின் ஹைப்பர்கார்டு மென்பொருளை வைத்துச் செய்தார்கள். அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் விளையாட்டு. சாவு கிடையாது, எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது. 60 லட்சத்துக்கும் மேல் விற்று, 2002இல் தி சிம்ஸ் தாண்டும்வரை கணினி விளையாட்டு விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. 2000இல் ரியல்மிஸ்ட் என்ற பெயரில் காலாற நடந்து பார்க்கும்படி முப்பரிமாணத்தில் செய்தார்கள். 2014இல் அதற்கு மறுபடியும் மெருகு. 2020இல் தலையில் மாட்டும் விஆர் கருவிக்கு ஒன்று; அடுத்த ஆண்டு அது கணினிக்கும் வந்தது.

அதில் செலினிட்டிக் என்றொரு உலகம். பாறைக்கடியில் ஒரு சின்ன வண்டி, சுரங்கப்பாதை, திசை தெரியாத சந்திப்புகள். ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டி நின்றதும் ஓர் ஒலி வரும். அது சும்மா அலங்காரத்துக்கு என்று நினைத்தால் தொலைந்தீர்கள். இன்னொரு உலகத்தில் ஒரு கோட்டையைச் சுழற்றி வடக்கு, கிழக்கு என்று திருப்பும்போது திசைக்கு ஓர் ஒலி கேட்டிருக்கும். அதே ஒலிகள்தான் இங்கே வழி சொல்கின்றன. யாரும் இதை வாயால் சொல்வதில்லை, எந்தத் தாளிலும் எழுதிவைக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் ஒலியைக் கண்டுகொள்ளாமல், சுரங்கம் முழுவதையும் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்தே வெளியே வந்தான். அவனுக்கு அது வெற்றிதான். ஆனால் ஒலியைப் பிடித்தவனின் முகத்தில் வந்த சிரிப்பு அவன் முகத்தில் வரவில்லை.

இத்தனை மறுபதிப்பிலும் இந்த முடிச்சை நீங்கள் அவிழ்க்கவில்லை. அதற்கு ஒரு கும்பிடு. புதிய பதிப்பில் இன்னும் ஒரு நல்ல காரியம் செய்தீர்கள்: ஆட்டம் தொடங்கும்போது விடைகளைக் கலைத்துப் போடும் வசதி. தேவைப்பட்டால் எண்களும் குறிகளும் வேறாக வரும்; இணையத்தில் கிடக்கும் விடைத்தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. துப்பு அதே இடத்தில், யோசனை அதே யோசனை, விடை மட்டும் புதிது. வேண்டாதவர்கள் பழைய எண்ணிலேயே ஆடலாம். முப்பது ஆண்டுக்குப் பிறகு எனக்கு மிஸ்ட் தீவில் மறுபடியும் நோட்டு தேவைப்பட்டது. விசுவாசம் என்றால் எனக்கு இதுதான்.

ஆள் விஷயத்தில்தான் சறுக்கினீர்கள். பழைய விளையாட்டில் புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு மகன்களாக அந்த அண்ணன் தம்பியே நடித்திருந்தார்கள். நடிப்பு சுமார், ஒட்டுத்தாடி நாடகக் கொட்டகை ரகம். ஆனால் உயிர் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கணினிப் பொம்மை வைத்தீர்கள். ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பழைய வீடியோவையே தேர்ந்தெடுக்க வழி செய்தீர்கள். நல்லது, முதலிலேயே செய்திருக்கலாம்.

அப்புறம் மிஸ்ட்டின் அடுத்த பாகமான ரிவன். 1997இல் 5 சிடியில் வந்தது. தீவு மாறும்போதெல்லாம் சிடியை மாற்ற வேண்டும். கரண்ட் கட் நேரம் பார்த்துத்தான் நாங்கள் ஆட உட்கார்வோம். என்னைக் கேட்டால் இந்த வகையில் இதைவிடச் சிறந்த விளையாட்டு இல்லை. காரணம் சொல்ல ஒரே ஒரு பொருளைக் காட்டுகிறேன்.

அந்தத் தீவில் ஒரு பள்ளிக்கூடம். குழந்தைகள் யாரும் இல்லை, பெஞ்சும் பொம்மையும் மட்டும். அந்தப் பொம்மையில் ஒரு சின்ன மனித உருவம் கயிற்றில் தொங்கும். கீழே வாயைப் பிளந்துகொண்டு வார்க் என்ற கடல் மிருகம். கைப்பிடியை இழுத்தால் ஒரு குறி வந்து நிற்கும், மனிதன் சில படி கீழே இறங்குவான். மறுபடி இழுத்தால் வேறு குறி, வேறு எண்ணிக்கை. எத்தனை படி இறங்கினான் என்று எண்ணி, குறியைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் அந்த ஊர் எண்கள் ஒன்றிலிருந்து பத்துவரை கைக்கு வந்துவிடும். ஐந்தின் குறி, ஒன்றின் குறியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தது. ஆறு என்பது ஐந்தும் ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்று. அதைக் கவனித்தவன் பத்துக்கு மேல் உள்ள எண்களைத் தானே கட்டிக்கொள்வான். பொம்மை அதுவரை கூட்டிப்போகாது. பின்னால் தேவைப்படுவதோ பெரிய எண்கள்.

கணக்கு வாத்தியார் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு, தமிழ் மீடியப் பள்ளியில் வேலை. அவர் அன்றைக்கு எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இந்த ஊரில் குழந்தைகளுக்கு எண் சொல்லிக் கொடுப்பதே ஆளை மிருகத்துக்குப் போட்டுத்தானா?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தத் தீவை ஆள்பவன் எப்பேர்ப்பட்டவன் என்று எந்த வசனமும் அதுவரை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. புதிரும் கதையும் ஒரே பொருளில் இருந்தன. இப்படிப்பட்ட ஒரு பொருளை ரீமேக்கில் தொடும்போது, எண் சொல்லிக்கொடுக்கும் வேலை மட்டும்தான் அது செய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நீட்டுகிறேன்.

2024 ஜூனில் சையானே ரிவனை முழுக்க முப்பரிமாணத்தில் மறுபடி செய்தது. அதற்கு முன் ரசிகர்களே கூடிப் பல ஆண்டுகள் சொந்தமாக அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது அதிகாரபூர்வ வேலையாக மாறியது. மிஸ்ட் போல இதில் விடையை மட்டும் கலைத்துப் போடவில்லை. புதிர்களையே திருத்தினார்கள். விலங்குகளையும் ஒலிகளையும் இணைக்கும் புதிர் மாறியது. 25க்கு 25 கட்டத்தில் வண்ணக் கோலிகளைச் சரியான இடத்தில் வைக்கும் கடைசிப் பெரும்புதிரும் மாறியது. பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அது உதவவில்லை. எனக்கு அதில் சந்தோஷம். கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கோபம். "இது ரிவன் இல்லை, ரிவன் மாதிரி" என்றார்கள்.

என் கட்சி வேறு. தீவைச் சுற்றி நடந்து, ஒரு மக்கள் கூட்டம் எப்படி எண்ணுகிறது, எதைக் கும்பிடுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று புரிந்தால்தான் கதவு திறக்கும். அது புதியதிலும் இருக்கிறது. விடையும் பாதையும் மாறினாலும், தீவைப் புரிந்துகொள்ளாமல் தப்பிக்க வழியில்லை. பழைய கோலிப் புதிரில் நியாயமில்லாத ஓர் இடமும் இருந்தது. தண்ணீருக்கடியில் இருக்கும் அறையில் வண்ண விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த நிறத்துக்கு எந்தக் குறி என்று எழுத வேண்டும். ஆறு நிறம், அதில் ஒரு விளக்கு எரியாது. மிச்சத்தைக் கழித்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் நண்பன் ஒருவனை ரயில்வே வேலையில் எல்லாம் தேறிய பிறகு நிறப்பார்வைச் சோதனையில் வெளியே அனுப்பினார்கள். அவனுக்கு அந்த அறையில் எந்த விளக்கு எரியாதது என்பதே பிரச்சினை இல்லை, எரிகிற விளக்கிலேயே இரண்டு ஒரே மாதிரிதான். பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் நிறம் சொல்லச் சொல்ல ஆடினான். தனியாக ஆடுகிறவன் என்ன செய்வான்? செலினிட்டிக் சுரங்கத்தில் காது கேளாதவர் என்ன செய்வார்? நிறத்தோடு ஒரு வடிவத்தையும், ஒலியோடு ஓர் அடையாளத்தையும் தருவதால் தெரிந்துகொள்ளும் வரிசை எதுவும் கெடாது. இந்த மாற்றத்தை எதிர்க்கும் ரசிகர்களை நீங்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்படியே கொடுத்தும் கெட்டுப்போன கதை ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஆதி, 1970களில் வில் கிரவுதர் எழுதி டான் வுட்ஸ் விரித்த கலாசல் கேவ். வெறும் எழுத்து, படமே கிடையாது. அதில் ஒரு டிராகன் வழியை மறித்துக்கொண்டு இருக்கும். கோடாரியால் அடித்துப் பார்ப்போம், ஒன்றும் ஆகாது. "டிராகனைக் கொல்" என்று தட்டினால், "எதை வைத்து? வெறுங்கையாலா?" என்று விளையாட்டு நக்கலாகக் கேட்கும். அதற்கு "ஆமாம்" என்று தட்டினால் டிராகன் செத்துப்போகும். அவ்வளவுதான் புதிர். நக்கலுக்குப் பதில் சொல்லத் தோன்றுகிறவனுக்குத்தான் வழி. கிங்ஸ் குவெஸ்ட் புகழ் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் தம்பதி 2023 ஜனவரியில் இந்தக் குகையை முப்பரிமாணத்தில் கொண்டுவந்தார்கள். மூலத்தின் மேல் அவர்களுக்கு இருந்த பக்தி ஒவ்வொரு அறையிலும் தெரிகிறது. ஆனால் எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் சொன்ன அந்தக் குறும்பு, கண்ணெதிரே ஒரு மிருகம் நின்று மவுஸைச் சொடுக்கும் இடத்துக்கு வந்து சேராது. எதையும் மாற்றாமல் ஊடகத்தை மட்டும் மாற்றினாலே போதும், புதிர் செத்துவிடும்.

இதே ராபர்ட்டா வில்லியம்ஸின் கிங்ஸ் குவெஸ்ட் 1984இல் வந்தது, 1990இல் சியரா நிறுவனமே அதை நல்ல படங்களோடு மறுபடி செய்தது. கருப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் பூசுவது போல என்று அப்போதே திட்டினார்கள், பெரிதாக எடுபடவில்லை. அதில் ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னோக்கி யோசி என்று ஒரு துப்பு கிடைக்கும். ஐரோப்பியக் குழந்தைக் கதை தெரிந்தவனுக்கு ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற பெயர் தோன்றும், திருப்பி எழுதிப் பார்ப்பான். தப்பு என்று வரும். 1984 பதிப்பில் பெயரைத் திருப்பக் கூடாது, ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அந்தத் துப்பிலிருந்து அந்த விடைக்கு எந்த மனிதன் போவான்? 1990 பதிப்பில் பெயரைத் திருப்பி எழுதினாலே ஏற்றுக்கொண்டார்கள். அது புதிரைச் சுலபமாக்கியது இல்லை, துப்பை நேர்மையாக்கியது. (அந்தக் கதையே தெரியாத எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது தனி விஷயம்.)

ஆட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கடையில் கலவரம் வரும். 1996இல் வந்த ப்ரோக்கன் ஸ்வோர்டில், அயர்லாந்துக் கோட்டை இடிபாட்டில் ஒரு ஆடு கட்டிக் கிடக்கும். கிட்டே போனால் முட்டித் தள்ளும். அதுவரை அந்த விளையாட்டில் நிதானமாக யோசித்துச் சொடுக்கினால் போதும். நேரம் பார்த்து ஓட வேண்டிய அவசியம் எங்குமே வந்ததில்லை. இங்கே மட்டும் முட்டு வாங்கி விழுந்த கையோடு, ஆடு திரும்பவும் வருவதற்குள் சட்டென்று பக்கத்தில் உள்ள கருவியைத் தொட வேண்டும். உலகம் முழுக்க ஆட்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். 2009இல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில் அந்த இடத்தைச் சுலபமாக்கினார்கள். கதாநாயகன் சாவதையும் எடுத்துவிட்டார்கள். கதாநாயகி நிக்கோவுக்குப் புதிய காட்சிகள் வைத்தார்கள். ஆட்டைத் தொட்டது சரி என்பேன் நான். விளையாட்டு தானே சொல்லித்தராத ஒரு பழக்கத்தை ஒரே ஓர் இடத்தில் கேட்பது புதிர் ஆகாது. வாத்தியார் ஒத்துக்கொள்ள மாட்டார்: "மாட்டிக்கிட்ட ஒவ்வொருத்தனுக்கும் அந்த ஆடு ஞாபகம் இருக்குதல்ல? மத்த புதிர்ல ஒண்ணு சொல்லு பார்க்கலாம்." அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் ஞாபகம் இருப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல முடியுமா?

சில சமயம் உங்களுக்கு வேறு வழியே இருக்காது என்பதும் தெரியும். அனதர் கோட் என்ற நிண்டெண்டோ விளையாட்டு 2005இல் மடக்கும் டிஎஸ் கருவிக்காகவே செய்தது. ஒரு புதிரில் கருவியை மெதுவாக மடித்து ஒரு திரையின் பிம்பத்தை இன்னொரு திரையில் பார்க்க வேண்டும். 2024இல் ஸ்விட்சுக்கு வந்தபோது மடிக்க ஒன்றும் இல்லை, புதிரை மாற்றத்தான் வேண்டும். இதில் யாருக்கும் கோபம் வரக் கூடாது.

கோபம் வரவேண்டிய இடம் வேறு. தொடக்கூடிய பொருள் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் பெயின்ட், கொஞ்ச நேரம் சும்மா நின்றால், துணைக்கு வரும் பாத்திரம் விடையை உளறுவது, மேலே அம்புக்குறி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று காரணம் சொல்கிறீர்கள். என் அண்ணன் மகள் பத்தாவது படிக்கிறாள். 2012இல் பிரிட்டனின் ஃபயர்ப்ரூஃப் நிறுவனம் செய்த தி ரூம் விளையாட்டைப் போனில் வைத்துக்கொண்டு, ஒரு மரப்பெட்டியின் ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவித் தடவி ஆடுகிறாள். துப்பு காட்டும் பொத்தான் அதில் இருக்கிறது. அவள் தொடுவதில்லை, தொட்டால் கேவலம் என்கிறாள். துப்பு கொடுப்பது தப்பில்லை, கேட்காமல் கொடுப்பதுதான் தப்பு. கேட்டால் மட்டும் பேசும் உதவியை எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வையுங்கள்.

பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990இல் வந்த மங்கி ஐலண்டை 2009இல் புதுப்பித்தபோது, எஃப்10 விசையை அழுத்தினால் நடு ஆட்டத்திலேயே பழைய படத்துக்குப் போய்வர முடியும். புதிய ஓவியம் எனக்குப் பிடிக்கவில்லை, கதாநாயகனின் தலைமுடி என்ன பாவம் செய்தது என்று தெரியவில்லை. ஆனால் பிடிக்காததைச் சொல்ல ஆதாரத்தை நீங்களே கையில் கொடுத்திருந்தீர்கள். 1998இன் கிரிம் ஃபண்டாங்கோ 2015இல் திரும்பி வந்தபோது, விசைப்பலகையில் லாரி ஓட்டுவது போல் ஆளைத் திருப்பும் பழைய முறையோடு மவுஸும் சேர்ந்தது. வேண்டியவர் பழையபடி ஓட்டலாம். இந்த மாதிரி வசதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தோல்பாவைக்கூத்து பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் கூத்துமாடம் என்று தனிக் கட்டடம் உண்டு. வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 விளக்கு வரிசையாக எரியும், தோலில் வெட்டிய பாவைகளின் நிழல் திரையில் ஆடும். நடப்பது இராமாயணம், பாடுவது கம்பன் பாட்டு, இடம் கேரளம். ராமன் ராவணனோடு சண்டை போட்டபோது பத்திரகாளி தாரிகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் பார்க்க முடியவில்லையாம். அவளுக்காகத்தான் இந்த ஆட்டம். ஆகவே எதிரே மனிதர்கள் யாரும் உட்காராவிட்டாலும் கூத்து நடக்கும். பல இரவுகள் நீளும், சில கோயில்களில் 21 நாள், 41 நாள்கூட.

இதில் பாவையை ஆட்டும் புலவர்கள் செய்வதைக் கவனியுங்கள். பாட்டு பாட்டாகவே இருக்கும். ஆனால் பாட்டு முடிந்ததும் தமிழும் மலையாளமும் கலந்து விளக்கம் தொடங்கும். அங்கே புலவருக்குக் கட்டுப்பாடு இல்லை. வைத்தியம், சாத்திரம், ஊர் வழக்கு என்று எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு அடுத்த பாட்டுக்கு வந்து சேர்வார். எது அசையக் கூடாது, எது எவ்வளவு வேண்டுமானாலும் அசையலாம் என்று ஆடுகிறவருக்குத் தெளிவாகத் தெரியும். இப்போது ஷொர்ணூர்ப் பக்கத்துப் புலவர் குடும்பம் மேடைக்கென்று ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியும் ஆடுகிறது, காந்தி கதை போன்ற புதிய கதைகளையும் பாவையில் கொண்டுவந்திருக்கிறது. ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேடை ஆட்டம் வந்ததற்காக யாரும் கோயில் கூத்துமாடத்தைப் பூட்டவில்லை. (கம்பனே வால்மீகியை மாற்றி எழுதியவன்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம். வால்மீகியும் கடையில் கிடைக்கிறார்.)

நான் கடைசியாக வந்து நிற்பது இந்தப் பூட்டும் வேலையில்தான். 2020இல் வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் ரீஃபோர்ஜ்டு பதிப்பு வந்தபோது, பழையதைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்களின் பிரதியும் சேர்ந்தே மாறிப்போனது. 2021இல் ஜிடிஏ வரிசையின் மூன்று விளையாட்டுகளுக்குப் புதிய தொகுப்பு வந்தபோது பழையவற்றைக் கடையிலிருந்து எடுத்தார்கள்; புதியதில் ஓட்டை ஓட்டையாக இருக்க, ஊரே திட்டிய பிறகு பழையவற்றைத் திரும்ப வைத்தார்கள். இவை புதிர் விளையாட்டுகள் இல்லைதான். ஆனால் புதிர் விளையாட்டுக்கு இது நடந்தால் சேதம் இன்னும் அதிகம். சண்டை விளையாட்டில் போன துப்பாக்கிக்குப் பதில் வேறு துப்பாக்கி வரும். புதிரில் போன யோசனை போனதுதான், அதற்குப் பதிலாக வந்தது இன்னொருவருடைய யோசனை. சையான் 1997 ரிவனை அதே ஆண்டைப் பெயரில் சேர்த்துத் தனியாக விற்றுக்கொண்டிருக்கிறது. புதிர்களை இவ்வளவு மாற்றியும் நான் அவர்களோடு சண்டைக்குப் போகாததற்கு இதுதான் காரணம். பழையதும் விற்பனையில் இருக்கும்வரை, நீங்கள் குகையை விமான நிலையமாக மாற்றினாலும் எனக்குப் பரவாயில்லை.

பழையதைப் புதிய கணினியில் ஓட்டுவது கஷ்டம் என்று சொல்லாதீர்கள். 2001இலிருந்து ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளைச் சம்பளம் இல்லாத ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அதில் மங்கி ஐலண்டும் ஓடுகிறது, ரிவனும் ஓடுகிறது. என் கடையில் பழுதுக்கு வரும் பழைய லேப்டாப்பில்கூட ஓடுகிறது. அதைச் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுப்பது உங்களுக்கு ஒரு வேலையா?

ஆக, கேட்பது பெரிதில்லை. ரீமேக் விற்கும் பக்கத்தில், படத்தின் தெளிவு, கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் இடம் என்று எழுதும் இடத்திலேயே இன்னும் ஒரு வரி போடுங்கள்: புதிர்கள் பழையபடியே இருக்கின்றனவா, விடை மட்டும் மாறியதா, புதிரே மாறியதா. மாற்றியிருந்தால் பழையதையும் அதே விலைக்குள் சேர்த்துத் தாருங்கள், முடியாவிட்டால் தனியாகவாவது விற்பனையில் வையுங்கள். நிறமும் ஒலியும் தெரியாதவர்களுக்கு வழி செய்யுங்கள். துப்பைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். இவ்வளவும் இருந்தால் வெளியான அன்றைக்கே முழு விலைக்கு வாங்குகிறோம். இல்லாவிட்டால் தீபாவளித் தள்ளுபடி வரும்வரை காத்திருப்போம், எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரன்
(ஆடு விஷயத்தில் வாத்தியாரின் எதிர்ப்போடு)